கச்சா எண்ணெய்: எது கச்சா, யாருக்குக் கச்சா?

கச்சா எண்ணெய் (பெயர்ச்சொல்): நிலத்தடியிலிருந்தோ கடலடியிலிருந்தோ எடுத்தபடியே, ஆலையில் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கும் பெட்ரோலியம். விலை பேசுவது பீப்பாய்க் கணக்கில். ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லிட்டர்.

சொல்லில் பாதி இந்தி, பாதி தமிழ். இந்தியில் கச்சா என்றால் காய், பழுக்காதது, வேகாதது, வேலை முடியாதது. எதிர்ச்சொல் பக்கா. மும்பைத் தமிழருக்கு இதற்கு அகராதி வேண்டாம். தாராவியில் தகரமும் தார்ப்பாயும் போட்டது கச்சா வீடு, தளம் போட்டது பக்கா வீடு. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது கச்சா பில், வரி எண்ணோடு அச்சிட்டது பக்கா பில். தொழிற்கூடத்தில் இறங்கும் மூலப்பொருள் கச்சா மால். மராத்தியிலும் கச்சே தேல்தான். தமிழ்நாட்டில் கச்சா பெரும்பாலும் எண்ணெய் விலைச் செய்தியில் மட்டும் தலைகாட்டும் சொல். இங்கே மும்பையில் அது நாள் முழுக்கப் புழங்குகிறது.

மறுபாதியான எண்ணெய்க்கும் ஒரு வரலாறு உண்டு. எள் + நெய் = எண்ணெய். பழந்தமிழில் நெய் என்பது பசையும் வழுவழுப்பும் உள்ள எதற்கும் பொதுப்பெயர். எள்ளை ஆட்டி எடுத்த நெய் மட்டுமே எண்ணெய். நாளடைவில் எள்ளின் பெயர் தேங்காய்க்கும் கடலைக்கும் ஆமணக்குக்கும் பொதுவாகிவிட, எள்ளுக்கே நல்லெண்ணெய் என்று தனிப்பெயர் தேவைப்பட்டது. ஆக, கச்சா எண்ணெய் என்பதை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் கிடைப்பது 'பழுக்காத எள் நெய்'. இதில் பிழை ஏதுமில்லை, மொழிகள் இப்படித்தான் நடக்கின்றன. பெட்ரோலியம் என்னும் லத்தீன் சொல்லும் இதே வழியில் வந்ததே. பெட்ரா என்பது பாறை, ஓலியம் என்பது எண்ணெய். அந்த ஓலியமோ ஒலிவக் காயிலிருந்து வந்த பெயர். அவர்கள் ஒலிவத்தைப் பாறைக்குள் ஏற்றினார்கள், நாம் எள்ளை மண்ணுக்குள் ஏற்றினோம்.

மண்ணுக்குள் ஏற்றிய அந்தச் சொல் மண்ணெண்ணெய். இந்தியின் 'மிட்டி கா தேல்' என்பதற்கும் அதே பொருள்தான். நம் வீடுகளுக்குள் முதலில் நுழைந்த பெட்ரோலியம் விளக்கெரிக்க வந்த இதுவே. 1854இல் ஆபிரகாம் கெஸ்னர், மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கெரோசின் என்ற பெயரை உண்டாக்கினார். அது தமிழ் நாவில் கிரசினாயில் ஆகி, கிருஷ்ணாயில் ஆனது. கப்பலில் வந்ததால் சீமையெண்ணெய், சீமெண்ணெய். மும்பைத் தெருவில் காஸ்லேட் என்பார்கள், ஆங்கில கேஸ்லைட்டின் மருவு. மராத்திக்காரர் ராக்கேல் என்பார், ராக் ஆயிலின் மருவு. ராக் ஆயில் என்றால் பாறை எண்ணெய். லத்தீன் பெட்ரோலியத்தின் நேர்ப்பொருள் சுற்றிவளைத்து மராத்தி அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ரேஷனில் தந்த மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டதும் சொல்லத் தக்கது. மலிவான மண்ணெண்ணெயை டீசலில் கலந்து விற்றால் சாயம் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம்.

இனி கச்சாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழுக்காத காய் என்ற உவமை இங்கேதான் வழி தவறச் செய்கிறது. காய் கனியாகும், ஒன்று இன்னொன்றாக மாறும். கச்சா எண்ணெய் பெரும்பாலும் மாறுவதில்லை, பிரிகிறது. பெட்ரோலும் டீசலும் தாரும் அதற்குள் முன்பே கலந்து கிடக்கின்றன. ஆலையின் முதல் வேலை அவற்றைக் கொதிநிலை வாரியாகப் பிரிப்பதுதான்.

அதற்கும் முன் உப்பை நீக்க வேண்டும். எண்ணெயோடு கிணற்றிலிருந்து உப்பு நீரும் ஏறி வரும். கச்சாவை ஏறக்குறைய 120 முதல் 150 டிகிரி வரை சூடாக்கி, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் நல்ல நீரைக் கலந்து, மின்புலம் செலுத்தினால் நீர்த்துளிகள் ஒன்றுசேர்ந்து உப்போடு அடியில் இறங்கும். இந்தப் படியைக் கைவிட்டால் மக்னீசியம், கால்சியம் குளோரைடுகள் உலைச் சூட்டில் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி, எண்ணெயைப் பிரிக்கும் கோபுரத்தின் மேல்பகுதிக் குழாய்களை அரிக்கும். அரித்த குழாய் ஒருநாள் கசியும். உப்பு நீங்கிய எண்ணெய் உலையில் 350 முதல் 370 டிகிரி வரை சூடேறிக் கோபுரத்துக்குள் போகும். அதற்கு மேல் சூடேற்றினால் மூலக்கூறுகள் உடைந்து கரி படியும். உச்சியில் சமையல் வாயு, அடுத்து பெட்ரோலுக்கு அடிப்படையான நாஃப்தா, பிறகு மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும், அதன் கீழ் டீசல். அடியில் தங்கும் கனத்த கசடு வெற்றிடக் கோபுரத்துக்குப் போய் மசகுக்கான அடிப்பொருளாகவும் தாராகவும் உலை எண்ணெயாகவும் பிரியும்.

மும்பைக்கு இது தொலைவில் நடக்கும் காரியம் அல்ல. டிராம்பேயின் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் 1954, 1955ஆம் ஆண்டுகளில் ஓடத் தொடங்கின. 1974இல் சாகர் சாம்ராட் என்னும் துளையிடும் கலம் அரபிக்கடலில் பாம்பே ஹை எண்ணெய் வயலைக் கண்டது. அங்கே கிடைப்பது கந்தகம் குறைந்த, இலகுவான எண்ணெய். எண்ணெய்த் தொழிலில் கந்தகம் 0.5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் இனிப்பு, மிஞ்சினால் புளிப்பு என்பார்கள். இருந்தும் நாட்டின் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதிதான். அந்த வயலுக்கும் ஒரு விலை கொடுத்தோம். 2005 ஜூலை 27 அன்று ஒரு உதவிக் கப்பல் மோதி, மேலேறும் எரிவாயுக் குழாய் உடைந்து, பாம்பே ஹை வடக்கு மேடை எரிந்து விழுந்தது. 22 பேர் இறந்தார்கள்.

ஆலைகளுக்கு அருகே, செம்பூரை ஒட்டிக் கிடக்கிறது மாஹுல் என்னும் மீனவ ஊர். எண்ணெய்த் தொட்டிகளிலிருந்து ஆவி எப்படி வெளியேறுகிறது என்பதை அறிந்தால்தான் அந்த ஊரின் துயரம் புரியும். பெரிய தொட்டிகளின் கூரை எண்ணெய்மேல் மிதக்கும். கூரை விளிம்புக்கும் சுவருக்கும் இடையே ஓர் அடைப்பு வளையம் இருக்கும். வளையம் தேய்ந்தால் ஆவி தப்பும். கூரை மிதக்காத தொட்டியோ பகலில் சூடேறி, இரவில் குளிர, மூச்சு விடுவதுபோல் ஆவியைத் தள்ளும். லாரியில் நிரப்பும்போது உள்ளே இருந்த ஆவி முழுவதும் வெளியே வரும். போதாக்குறைக்கு ஆயிரக்கணக்கான வால்வுகள், குழாய் இணைப்புகள், பம்பு அச்சுகள். ஒவ்வொன்றின் கசிவும் சிறியது, சேர்ந்தால் பெரியது. இரவில் காற்று அடங்கிவிட்டால் ஆவி மேலே கலையாமல் ஊர்மேலேயே படியும்.

வாடையை வைத்து ஆபத்தை அளக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் தரும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து. ரத்தப் புற்றுநோய் தரும் பென்சீன் இதற்கு நேர்மாறு. இந்தியாவின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். மூக்குக்குத் தட்டுப்பட அதைப்போல் பல நூறு மடங்கு வேண்டும்.

மாஹுல், அம்பாபாடா மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து இருப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் ஏற்றது. அதற்குப் பிறகும், தான்சா குடிநீர்க் குழாயோரக் குடிசைகளிலிருந்து அகற்றிய குடும்பங்களை அங்கிருந்த அடுக்கு வீடுகளுக்கே அனுப்பினார்கள். கச்சா வீட்டை இடித்துப் பக்கா வீடு கொடுத்தோம் என்பது கணக்கு. மூச்சுவிட முடியாத பக்கா வீடு அது. 2019 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், அவர்களுக்கு வேறிடத்தில் வீடு தர வேண்டும், இல்லையென்றால் மாதம் 15,000 ரூபாய் வாடகை தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

கச்சா என்ற சொல்லின் இன்னொரு முனை, பழைய பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்யும் தாராவி 13ஆம் காம்பவுண்டில் இருக்கிறது. நாஃப்தாவை உடைத்தால் எத்திலீன், அதைக் கோத்தால் பாலிதீன், அதிலிருந்து குடமும் பையும். உடைந்த குடம் தாராவிக்கு வந்ததும் அதன் பெயர் மறுபடியும் கச்சா மால். வகை பிரிக்க ஓர் எளிய வழி, தண்ணீரில் போடுவது. பாலிதீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும், பிவிசியும் பெட் பாட்டிலும் மூழ்கும். பிறகு துண்டாக்கி, கழுவி, உலர்த்தி, உருக்கி, கம்பியாக இழுத்து, நறுக்கினால் தானா. தானா என்றால் மணி. வகை பிரிக்கையில் பிவிசித் துண்டு தவறிச் சேர்ந்தால், உருக்கும்போது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கிளம்பும். ஆலையில் உப்பு நீக்காமல் விட்டால் இரும்பை அரிக்கும் அதே அமிலம், இங்கே உருக்குபவரின் நுரையீரலுக்குப் போகிறது.

ஆகவே கச்சா என்பது பொருளின் குணத்தைச் சொல்வதில்லை, சரக்கு வரிசையில் அது எங்கே நிற்கிறது என்பதையே சொல்கிறது. வாங்குபவர் கண்ணில் வேலை பாக்கி இருந்தால் அது கச்சா. தமிழில் புழங்கும் பண்படா எண்ணெய், செப்பனிடாத எண்ணெய் ஆகியவையும் இந்தியைக் களைந்தனவே தவிர, அதே பார்வையைத்தான் சுமக்கின்றன. இலங்கைச் செய்திகளில் மசகு எண்ணெய் என்று எழுதுகிறார்கள். மசகு என்பது வண்டி அச்சுக்குப் போடும் மை. அங்கே அது நிலைத்துவிட்ட சொல். இந்தியத் தமிழரோ மசகு எண்ணெய் என்றால் எந்திரத்துக்கு விடும் வழுவழுப்பு எண்ணெய் என்று கொள்வர். கரட்டு எண்ணெய் என்றும் சிலர் எழுதுகிறார்கள். கரடு கனத்த, கடினமான ஒன்றை நினைவூட்டும், பாம்பே ஹையின் இலகுவான எண்ணெய்க்கு அது பொருந்தாது.

எள் + நெய் எண்ணெய் ஆனதைப்போல், கல் + நெய் கன்னெய் ஆகும். தமிழ்ப் பற்றாளர் சிலர் இதைப் பெட்ரோலுக்கே வைத்தனர். பெட்ரோலியம் முழுமைக்கும் வைப்பதே பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். பெட்ரோல் என்பது 1890களில் இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் வைத்த வணிகப் பெயர், அதை அப்படியே விட்டுவிடலாம். பிரிக்கப்படாதது கன்னெய். பிரிந்தவற்றுக்கு மண்ணெண்ணெய், டீசல், உலை எண்ணெய், தார் என்று தத்தம் பெயர். கடைத்தெருவில் கச்சா எண்ணெய் இருந்துவிட்டுப் போகட்டும், எழுதும்போதேனும் எது எது என்று பிரித்து எழுத வேண்டும்.

கசிவுச் செய்தியில் இது கட்டாயம். 2010 ஆகஸ்ட் 7 அன்று மும்பைத் துறைமுக வாயிலில் எம்.எஸ்.சி. சித்ராவும் கலீஜியா-3உம் மோதியபோது கடலில் கலந்தது கச்சா அல்ல, கப்பல் தன் எந்திரத்துக்கு வைத்திருந்த எரிபொருள். 2017 ஜனவரியில் எண்ணூரில் வாளியால் அள்ளியதும் கனத்த கப்பல் எரிபொருள்தான். இலகுவான கன்னெய் சிந்தினால் கணிசமான பங்கு முதல் சில நாளில் ஆவியாகும். அப்போது கரையிலிருப்பவர்களை, காற்று அந்த ஆவியைக் கொண்டுவரும் பாதையிலிருந்து விலக்குவதே முதல் வேலை. கனத்த எண்ணெய் அதிகம் ஆவியாகாது. நீரைக் குடித்துப் பாகுபோல் தடித்து, அலையோடு அலையாத்திக் காட்டுக்குள் போகும். சேற்றுக்கு மேல் நீட்டி நிற்கும் மூச்சு வேர்களின் நுண்துளைகளை அடைக்கும். மரம் அன்றே சாகாது, வாரக்கணக்கில் இலை பழுத்து உதிரும். அதற்குள் சேற்றில் இறங்கி மிதித்து அள்ளப் போனால், எண்ணெய் வேருக்கு அடியில் இன்னும் ஆழமாகப் புதையும்.