பவள வெளிறல்

சூடேறிய கடலில் பவளங்கள் நிறமிழந்து வெள்ளையாகும் நிலையை ஆங்கிலத்தில் ‘கோரல் பிளீச்சிங்’ என்கிறார்கள். நம் செய்தித்தாள்கள் இதைப் ‘பவளப்பாறை வெளுப்பு’ என்றும் ‘நிறமிழப்பு’ என்றும் எழுதிவருகின்றன. இத்தொடரின் இரு பகுதிகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

‘கோரல்’ என்பது கொரல்லியோன் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. அச்சொல் குறித்தது நடுநிலக் கடலில் கிடைத்த செம்மணியை. நம்முடைய பழஞ்சொல்லான துகிரும் அம்மணிக்கே உரியது. ‘பொன்னும் துகிரும் முத்தும்’ என்று புறநானூற்றின் 218ஆம் பாட்டு அதனை அணிகலப் பொருள்களோடு சேர்த்து எண்ணுகிறது. முசிறித் துறையில் வந்திறங்கிய பொருள்களுள் பவளமும் ஒன்று எனப் பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு கூறுகிறது. பிரவாளம் என்னும் வடசொல்லோடு தொடர்புடைய பவளமும் முதலில் அந்தச் சிவப்பு மணியையே குறித்தது. மன்னார் வளைகுடாவில் திட்டுத்திட்டாக வளரும் கல்பவளம் வேறு இனம். பெரும்பாலும் பழுப்பும் பசுமையும் கலந்த நிறமுடையது. கரையோரத் தமிழில் இதற்கெனத் தனிச்சொல்லே உண்டு: முருகைக்கல். ஈழத்துப் பாடநூல்கள் இன்றும் முருகைக்கற்பாறை என்றே எழுதுகின்றன. மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். முத்துக் குளித்த இடங்கள் முத்துப்பார்கள் எனப்பட்டன.

பாறை, கல் என்ற சொற்களால் ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் இது உயிருள்ளது என்பதை அவை மறைத்துவிடுகின்றன. கல்லென்று எண்ணித்தான் தூத்துக்குடிப் பக்கத்தில் பல்லாண்டுகள் இதனை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்குப் பயன்படுத்தினார்கள். கிளையொன்றை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், சில மில்லிமீட்டர் அகலமுள்ள கிண்ணக் குழிகள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொரு குழியிலும் மெல்லுடல் கொண்ட ஒரு சிற்றுயிர் அமர்ந்து, வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளை நீட்டியும் சுருக்கியும் இரை தேடிக்கொண்டிருக்கும். அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு சமைத்து, அதற்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைக் கொடுக்கிறது. நாம் காணும் நிறத்தில் பெரும்பங்கு அப்பாசியினுடையது.

கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 பாகை செல்சியஸ் அளவு கூடி, அந்தச் சூடு சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிந்து, பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. பிறகு கண்ணாடிபோல் ஆன சதையினூடே சுண்ணக எலும்புக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது பெருமளவில் நிகழ்ந்தது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காம் வெளிறல் அறிவிக்கப்பட்டது. கழிவுநீரும் வண்டலும் கலக்கும் இடங்களில் பவளம் முன்பே நலிந்திருப்பதால், சூட்டிலிருந்து மீள்வது அங்கே மேலும் கடினமாகிறது.

இனி ‘பிளீச்சிங்’. வெளிறிய என்னும் பொருளுடைய பழைய ஆங்கில அடியிலிருந்து பிறந்த சொல் இது. நமக்கோ பிளீச்சிங் பவுடரைத்தான் நினைவூட்டுகிறது. ‘வெளுப்பு’ என்றாலும் துணி வெளுப்பதும் அழுக்கு நீங்குவதுமே மனத்தில் எழுகின்றன. இங்கே நீங்குவது அழுக்கன்று, உணவூட்டும் உயிர். ‘நிறமிழப்பு’ தவறில்லை, ஆனால் புறத்தோற்றத்தோடு நின்றுவிடுகிறது. ‘வெளிறல்’ அதற்கும் ஆழமானது. நோயாலும் அச்சத்தாலும் முகம் வெளிறுகிறது என்று பேச்சில் சொல்கிறோம். பழந்தமிழில் வெளிறு என்பது வயிரமற்ற, அதாவது உள்ளே முற்றி இறுகாத, மரத்தின் உள்ளீடின்மையையும் சுட்டியது. வயிரமேறிய மரத்தை ‘வெளிறில் நோன்காழ்’ என்றது புறநானூறு. குறள் 503இல் அதுவே அறியாமையைக் குறிக்கிறது. வெண்மை, நோய், உள்ளிருந்தது போய்விட்ட நிலை ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்கும் சொல் வேறு கிடைப்பது அரிது. ஆகவே ‘பவள வெளிறல்’ என்பதே பொருத்தமான தமிழ்.

வெளிறிய பவளமும் மடிந்த பவளமும் ஒன்றல்ல. வெளிறியது இன்னும் உயிரோடிருக்கிறது. சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும். குளிராவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். அதன் பிறகு எலும்புக்கூட்டின்மேல் இழைப்பாசி படர்வதால், அந்த வெள்ளையும் மறைந்து அழுக்குப் பச்சையாகிவிடும். எனவே வெள்ளையாகக் கண்டதையெல்லாம் ‘செத்த பவளம்’ என்று எழுதுவது பிழை.