தடித்த ஜீன்ஸ் சங்கிலி வாளைத் தடுக்காது

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு இளைஞரின் தொடைக் காயத்திலிருந்து நீல நூல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஜீன்ஸ் நூல். சிறிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. சில நூல் ஒரு விரற்கடை நீளம், சிலது இமை மயிர் அளவு. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். மரம் அரியும் சங்கிலி வாளின் (செயின்சோ) எண்ணெயில் தோய்ந்து தசையோடு ஒட்டியிருந்தது. ஒன்று உள்ளே தங்கினாலும் சீழ் பிடிக்கலாம். நாற்பது நிமிடம் தாண்டிய பிறகு மயக்க மருந்து வைத்தியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வருடத்தில் எனக்கு அது நான்காவது சங்கிலி வாள் காயம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னதும் அவர்தான். வயது இருபத்தொன்பது, கொழும்பில் கணினி வேலை. வெள்ளிக்கிழமை போயா (பௌர்ணமி) விடுமுறை, அதோடு சனி ஞாயிறு. நண்பர்களோடு பெலிஹுல் ஓயா பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போயிருக்கிறார். போவதற்கு ஒரு வாரம் முன்புதான் பற்றரியில் ஓடும் சின்னச் சங்கிலி வாள் ஒன்றை ஒன்லைனில் வாங்கியிருந்தார். இரவு நெருப்பு மூட்ட விறகு வேண்டும். பட்டுப்போன கிளை ஒன்றை எடுத்து, ஒரு காலை மண்டியிட்டு, கிளையை மறு தொடையில் வைத்து, இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் அரிந்திருக்கிறார். கிளையில் ஒரு கணு. சங்கிலி அதில் மாட்டித் துள்ளி, சுட்டுவிரலின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு தொடையில் இறங்கியது. பக்கத்தில் நின்ற நண்பர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வீடியோவை எனக்குக் காட்டினார்கள். துள்ளியதற்கும் தொடையில் இறங்கியதற்கும் நடுவில் ஒரு செக்கன்கூட இல்லை.

வெளியே காத்திருந்த நண்பர் என்னிடம் சொன்னது இதுதான்: "டொக்டர், அவன் தடிச்ச ஜீன்ஸ்தான் போட்டிருந்தவன். இரும்பு வைச்ச பூட்ஸும் போட்டிருந்தவன். சும்மா விளையாட்டாப் போகேல்ல."

நான்கு பேரில் மூன்று பேருக்காக இதே வார்த்தையை என்னிடம் சொல்லிவிட்டார்கள். ஜீன்ஸ் தடிப்பு, சப்பாத்து நல்லது, தோல் கையுறை இருந்தது. இதைக் கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் மீது இல்லை. இந்த உடுப்பு உடம்பைக் காக்கும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

அந்த உடுப்பைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. கட்டம் போட்ட தடித்த சேர்ட், பழுப்பு நிற பூட்ஸ், ஆறு பை வைத்த காற்சட்டை எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை எதற்காக வந்தவை என்று கொஞ்சம் யோசியுங்கள். கட்டம் போட்ட கம்பளிச் சேர்ட்டை வட அமெரிக்கக் காடுகளில் மரம் வெட்டியவர்கள் குளிருக்காகப் போட்டார்கள். ஜீன்ஸில் செப்பு ரிவெட் அடிக்கும் முறைக்கு 1873-ல் காப்புரிமை வாங்கினார்கள். பையில் கல்லும் ஆணியும் போட்டால் தையல் பிரிகிறது என்பதுதான் அப்போதைய கவலை. பூட்ஸின் இரும்பு, பாரம் விழுந்து கால்விரல் நசுங்காமல் காக்கும். அதுவும் விரலுக்கு மேலே மட்டும். கணுக்காலுக்கோ முழங்காலுக்கோ தொடைக்கோ அதனால் ஒரு பயனும் இல்லை. இவற்றில் ஒன்றுகூட ஓடும் சங்கிலியை நினைத்துச் செய்தது இல்லை.

பெற்றோலில் ஓடும் சாதாரண மெசினில் சங்கிலி செக்கனுக்கு 20 மீற்றர், அதற்கு மேலும் ஓடும். மணிக்கு 72 கிலோமீற்றர். கொழும்புக் காலி வீதியில் அந்த வேகத்தில் பஸ் வந்தால் நீங்கள் ஒதுங்கி நிற்பீர்கள். பற்றரிச் சின்ன மெசின் இதைவிட மெதுவாகத்தான் ஓடும். ஆனால் சதைக்கு அந்த வேகமே அதிகம். ஜீன்ஸ் துணி இறுக்கமாக நெய்தது. சங்கிலியின் பல் அதை ஒரு நொடியில் அறுத்து, அறுந்த நூலையும் தன்னோடு காயத்துக்குள் இழுத்துப் போகிறது. நான் பொறுக்கியது அதைத்தான்.

சங்கிலி வாளுக்கென்றே செய்த காற்சட்டை வேறு விதம். அதன் உள்ளே நீளமான தளர்ந்த இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி பட்டதும் அந்த இழைகள் கொத்தாக இழுபட்டு, சங்கிலியைச் சுழற்றும் பல்சக்கரத்தில் சுற்றி மெசினையே நிறுத்திவிடும். வெட்டுப் படாத துணி என்று ஒன்று கிடையாது. இது மெசினை மூச்சுத் திணற வைக்கும் துணி. லேபலில் சங்கிலி வாள் படமும் ஈஎன் ஐஎஸ்ஓ 11393 என்ற இலக்கமும் இருக்கும். முதல் வகுப்பு என்றால் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் சோதித்தது. பழைய லேபலில் ஈஎன் 381 என்று இருக்கலாம். இரண்டுமே இல்லையென்றால் அது வெறும் காற்சட்டை. ஐயாயிரம் ரூபா கொடுத்திருந்தாலும் சரி, ஐம்பதாயிரம் கொடுத்திருந்தாலும் சரி.

2022-ல் காஸ் இல்லாமல் கொழும்பே வரிசையில் நின்ற காலத்தில், வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் மாடி வீட்டுக்காரர்கள்கூட பல்கனியில் விறகு கொத்தினார்கள். அந்த மாதங்களில் கத்தி வெட்டும் கோடாலி வெட்டும் பார்த்தேன். பெரும்பாலும் சுத்தமான வெட்டு. இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் கூடிவிடும். சங்கிலி வாள் அப்படி இல்லை. அது போன இடத்தில் ஐந்தாறு மில்லிமீற்றர் அகலத்துக்குச் சதையே மிஞ்சாது. நரம்பிலும் அந்த அளவு காணாமல் போயிருக்கும். இந்த இளைஞரின் விரலில் அறுந்த உணர்வு நரம்பின் இரண்டு முனையும் எட்டவில்லை. முன்கையிலிருந்து ஒரு சிறு நரம்புத் துண்டை எடுத்து நடுவில் வைத்துத் தைத்தோம். தலைமயிரைவிட மெல்லிய நூலால், மைக்ராஸ்கோப்பின் கீழ்.

இப்போது வேறொரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுப் பலா மரத்தின் ஒரு பெரிய கிளை பக்கத்து வீட்டுக் கூரைமேல் சாய்ந்துவிட்டது. 2023 ஒக்டோபர் 6-ல் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ் மீது மரம் விழுந்து 5 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் காற்று வீசினாலே எல்லாரும் மரத்தைத்தான் பார்க்கிறார்கள். நானும்தான். பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு (பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது, 1951-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது) மரம் வெட்டுகிற ஒருவரை அழைத்தேன். அட்டன் பக்கத்துக்காரர், முப்பது வருடத் தொழில். வெளுத்துப்போன சேர்ட், இறப்பர் பூட்ஸ்.

வந்தவர் மெசினைத் தொடவே இல்லை. மரத்தை மூன்று முறை சுற்றி வந்தார். கிளையைக் கயிறு போட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு சுவரோரம் குந்தி, உருண்டை அரத்தால் சங்கிலியின் பல்லை ஒவ்வொன்றாகத் தீட்ட ஆரம்பித்தார். பல்லுக்கு மூன்று இழுப்பு, ஒரே கோணம், ஒரே அழுத்தம். எண்ணிக்கொண்டே தீட்டினார். ஒரு பக்கத்துப் பல் முடிந்ததும் மெசினைத் திருப்பி மறுபக்கம். இருபது நிமிடத்துக்கு மேல் போனது. "கெள எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாக்காம மெசின தொடக் கூடாது டொக்டரய்யா. மொட்ட சங்கிலின்னா நாம அமுக்கணும். அமுக்குனா வழுக்கும்" என்றார். வெட்டத் தொடங்கியதும் விழுந்ததைக் கையில் எடுத்துக் காட்டினார். சீவல் சீவலாக வந்தது. தூளாக விழுந்தால் சங்கிலி மொட்டை என்று அர்த்தமாம். அடியிலிருந்து முதலில் ஒரு சின்ன வெட்டு, பிறகு மேலிருந்து. கிளை நார் உரியாமல் கயிற்றில் இறங்கியது. இடது பெருவிரல் கைப்பிடியைச் சுற்றி வளைத்தே இருந்தது, வேலை முடியும்வரை.

திறமை என்றால் எனக்கு இப்போது அந்தக் குந்தியிருந்த இருபது நிமிடம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் அவரையும் ஏசித்தான் அனுப்பினேன். எதைச் சொன்னாலும் இரண்டு முறை கேட்டார். இந்த மெசினின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். நாள் முழுக்க 85-ஐத் தாண்டினாலே காதுக்குக் கேடு. முப்பது வருடம் காது மூடி இல்லாமல் வேலை செய்திருக்கிறார். அந்தச் சேதத்தை எந்த வைத்தியரும் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்த தடவை காது மூடி இல்லாமல் வந்தால் வேலை தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சரி, உங்களுக்கு வருகிறேன். 2019-ல் இந்த மெசின்களைப் பொலிஸில் பதியச் சொன்னார்கள், காடு அழிகிறது என்று. பிடிக்கிறவருக்குப் பழக்கம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்ன மெசின் விளையாட்டுச் சாமான் இல்லை. ஒரு கையால் தூக்க முடிகிறது என்பதாலேயே மற்றக் கை சங்கிலிக்கு முன்னால் போகிறது. மலிவானவற்றில் பலதில் சங்கிலி பிரேக்கும் கிடையாது. அரிகிற துண்டைத் தொடையில் வைக்காதீர்கள், கையால் பிடிக்காதீர்கள், நண்பரைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். இரண்டு கட்டைக்கு நடுவே அசையாமல் வைத்துவிட்டு, மெசினை இரண்டு கையாலும் பிடியுங்கள். வாளின் நுனி மேல்பக்கம் எதிலும் படக்கூடாது. பட்டால் மெசின் முகத்துக்கு வரும், தடுக்க உங்களுக்கு நேரம் இருக்காது. ஏணியில் ஏறி அரியக் கூடாது. தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. இரும்பு அறுக்கும் கை கிரைண்டரில் மரம் அரியும் பல்லு பிளேட்டை மாட்டுகிறீர்களே, தயவுசெய்து அதை இன்றைக்கே கழற்றி எறியுங்கள். அந்தக் காயத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. குடித்திருந்தால், இருட்டிவிட்டால், யாராவது வீடியோ எடுத்தால் மெசினைத் தொடாதீர்கள். கூடாரத்துக்கு விறகு வேண்டுமென்றால் பக்கத்துக் கடையில் கட்டு விறகு கேளுங்கள். சிரட்டையும் பொச்சும் இருந்தால் ஒரு இரவுக்குத் தாராளம்.

அப்படியும் வெட்டுப் பட்டால் காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். அழுத்தியும் பீறிட்டால் காயத்தின் மீது அல்ல, அதற்கு மேலே உடம்புப் பக்கமாக அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். கயிறும் வயரும் வேண்டாம். கோப்பித்தூள் வேண்டாம், மஞ்சள் வேண்டாம். இந்த இளைஞரின் விரலில் கோப்பித்தூளும் இருந்தது. ஆறுதலுக்குப் பிளேன்டீ கொடுக்காதீர்கள், வயிறு காலியாக இருந்தால்தான் மயக்க மருந்து தாமதமின்றிக் கொடுக்கலாம். விரல் துண்டாகிவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். நேரே ஐஸில் வைத்தால் விரல் கருகிவிடும், எங்களால் ஒட்ட முடியாது. 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். கடைசியாக ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டது எப்போது என்று யோசித்துச் சொல்லுங்கள்.

தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வளரும். நாங்கள் ஒட்டிய இடத்திலிருந்து அவரது விரல் நுனிக்கு அறுபது மில்லிமீற்றருக்கு மேல். போன வியாழக்கிழமை கிளினிக்குக்கு அம்மாவோடு வந்திருந்தார். தொடைக் காயம் ஆறிவிட்டது, கொஞ்சம் நொண்டுகிறார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் சுட்டுவிரலின் அடியிலிருந்து மெல்ல மேலே தொட்டுக்கொண்டே போனேன். நடு மடிப்புவரை "ஓம், ஓம்" என்றார். அதற்கு மேலே பஞ்சை வைத்தேன். கண்ணை மூடியபடியே காத்திருந்தார்.

"தொட்டுட்டீங்களா டொக்டர்?"