தங்கம் சிவக்கும் இடம்

கஸ்தூரியார் வீதியில் நகை செய்யும் மாமா ஒருவர் போன கிழமை கேட்டார்: "தம்பி, தங்கத்தால புற்றுநோயை மாத்தலாமாம். உண்மையோ, இல்லாட்டி பவுண் விக்கிறதுக்கு ஆரும் கட்டின கதையோ?"

கதை இல்லை. ஆனால் அது மாமாவின் பட்டறைத் தங்கமும் இல்லை. ராசதிராவகத்தில், அதாவது தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையில், தங்கத்தைக் கரைத்து, மிச்ச அமிலத்தைப் போக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, சோடியம் சித்திரேற்று ஊற்றினால் கரைசல் முதலில் கறுத்து, பிறகு மாதுளம்சாறு போலச் சிவக்கும். உள்ளே மிதக்கும் துணிக்கை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 நானோமீற்றர். 4000 துணிக்கைகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமயிரின் தடிப்பு வரும்.

மஞ்சள் ஏன் சிவந்தது? கிணற்றடியிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்திருப்பீர்கள். நடையும் தண்ணீரின் ஆட்டமும் ஒத்துப்போனால் காலெல்லாம் நனைந்துவிடும். துணிக்கைக்குள் இருக்கும் இலத்திரன்கள்தான் அந்தத் தண்ணீர். ஒளி அதை ஆட்டும் நடை. பச்சை ஒளியின் நடை இந்தக் குட்டி வாளிக்குச் சரியாகப் பொருந்துவதால் துணிக்கை அதை விழுங்கிவிடும். மிஞ்சுவது சிவப்பு.

வாளியை நீளத் தொட்டியாக்கினால் தண்ணீர் ஆறுதலாக ஆடும் அல்லவா? துணிக்கையையும் குச்சி வடிவில் வளர்த்தால் அகச்சிவப்பு ஒளிக்கு ஆடத் தொடங்கும். கரண்ட் இல்லாத இரவில் ரோர்ச்சை விரலால் பொத்தினால் சிவப்பு மட்டும் தசையைத் தாண்டி வரும். அகச்சிவப்பு இன்னும் ஆழம் போகும். வெளியிலிருந்து லேசர் அடிக்க, உள்ளே குச்சிகள் சூடாகி, பக்கத்துப் புற்றுக்கலங்கள் வெந்துவிடும்.

சிக்கல், போய்ச் சேருவதில்தான். பல ஆய்வுகளைத் திரட்டி 2016இல் பார்த்தபோது, ஊசியில் ஏற்றிய நானோத் துணிக்கைகளில் கட்டியை அடைந்தது நடுக்கணக்காக 0.7 சதவீதம். பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துவிடும். புற்றுநோய் மருந்தை நானோ அளவுக் கொழுப்புக் குமிழில் அடைத்துக் கொடுக்கும் முறை 1995 முதலே பாவனையில் உண்டு. தங்கச் சூடு இன்னும் பரிசோதனையில்தான் நிற்கிறது.

"அப்ப தங்க பஸ்பம்?" என்றார். வயிற்றுக்குள் எந்த லேசர் அடிக்கிறது, மாமா? வாயில் ஆறாத புண்ணோடு பஸ்பம் தின்று மாதம் கடத்துபவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஓடுகிறதே.

நோயைக் கண்டுபிடிக்கவும் இதே சிவப்பு உதவும். தேடும் புரதத்தில் போய் ஒட்டும் பிறபொருளெதிரியைத் துணிக்கையில் பூசிவிட்டால் போதும். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அந்தப் பட்டிகள் பலவற்றில் தெரிந்த சிவப்புக் கோடும் தங்கம்தான்.

பட்டறைத் தூசியையே கூட்டிவைத்து அரிக்கிறவர் மாமா. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வீட்டில ஒரு பெட்டி நிறைய எறிஞ்சனாங்கள், தம்பி."