வலி நின்றுவிட்டது, அப்புறம் எதற்கு டாக்டர்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இரவில் தூங்க முடியாத பல்வலியோடு வந்தார். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. எக்ஸ்ரே எடுத்துக் காட்டி, வேர் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வலி மாத்திரையோடு போனார். நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்தபோது குரலில் அவ்வளவு நிம்மதி. "வலி சுத்தமா நின்னுடுச்சு டாக்டர். அப்புறம் எதுக்கு வைத்தியம்?"

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். தாடை வீங்கியிருந்தது. வாயை இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை.

அவர் கேட்டது அறியாமைக் கேள்வி இல்லை. உடம்பில் வேறு இடங்களில் வலித்து நின்றால் பெரும்பாலும் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? பல்லில் அந்தக் கணக்கு தப்பாகப் போகும். அது ஏன் என்று விளங்கிவிட்டால், என்னிடம் தினமும் வரும் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

பல்லின் மேலோடு எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு வெறும் தாதுஉப்பு. அதில் நரம்பு கிடையாது, உயிரணு கிடையாது. ஆகவே சொத்தை எனாமலுக்குள் இருக்கும்வரை நமக்கு எதுவும் தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. சொத்தை அங்கே வந்ததும் குளிர்ந்தது பட்டால் கூசும், இனிப்பு பட்டால் சுரீரென்று இழுக்கும். அதற்கும் உள்ளே இருப்பது பற்கூழ். நரம்பும் ரத்தக் குழாய்களும் அதில்தான் இருக்கின்றன.

கை கால் வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும். பற்கூழைச் சுற்றி நாலு பக்கமும் கெட்டியான சுவர். விரிய இடமே இல்லை. அழற்சி வந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் வலியும் கூடும். "பகல்ல பரவாயில்லை, ராத்திரிதான் உயிர் போகுது" என்று எல்லாரும் சொல்வது அதனால்தான். இந்த அழுத்தத்தில் பற்கூழ் கடைசியில் செத்துவிடும். செத்த நரம்பு வலிக்காது. அன்று அவருக்கு வலி நின்றது அப்படித்தான். கிருமிகள் மட்டும் உள்ளேயே இருந்து, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டிவிட்டன.

சேர்த்தே ஒன்று சொல்லிவிடுகிறேன். பல் வலிக்குப் பிறகு வீக்கம் தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ பரவினால், காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உயிருக்கே ஆபத்தாகும் நிலை அது.

"ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் போதாதா?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் நோய் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். செத்துப்போன பற்கூழுக்குள் ரத்த ஓட்டமே இல்லை, மருந்து எப்படிப் போகும்? காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருக்கும்போது ஆன்டிபயாடிக் தேவைப்படும், கொடுப்போம். ஆனால் பல்லுக்குள் இருக்கும் கிருமிக்கூட்டத்தை அது அப்புறப்படுத்தாது. போன தடவை எழுதிய சீட்டைக் காட்டிக் கடையில் தானாகவே வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. வலிக்கும் பல்லுக்குப் பக்கத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை நசுக்கி வைத்து, ஈறு வெந்து வெள்ளையாகி வந்தவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வேர் சிகிச்சை என்றதும் முகம் மாறிவிடுகிறது. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் தொடங்குகிறோம். பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையைவிட அதற்கு முந்தைய இரவுதான் வேதனையானது. அழற்சி உச்சத்தில் இருக்கும் பல் சில நேரம் முதல் ஊசிக்கு முழுதாக மரக்காது. அப்போது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிட்டு மேலும் மருந்து போடுவோம். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே இருக்கும் கெட்ட பற்கூழை எடுத்து, வேர்க்குழாய்களை மருந்தால் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைக்கிறோம். கடைவாய்ப் பல்லில் இப்படிக் குழாய்கள் மூன்றோ நாலோ இருக்கும், சில வளைந்திருக்கும். நேரம் பிடிப்பது அதனால்தான்.

"அதான் நரம்பை எடுத்தாச்சே, மேலே கேப் எதற்கு?" கேப் என்பது பல்லின்மேல் மாட்டும் உறை. சொத்தையாலும் சிகிச்சைக்குப் போட்ட துளையாலும் அந்தப் பல்லில் மிச்சமிருக்கும் சுவர் மெல்லியது. கடைவாய்ப் பல் தாங்கும் அழுத்தமோ அதிகம். கேப் போடாமல் விட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்து நெடுக்காகப் பிளந்துபோய் வந்தால், அந்தப் பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். முன்பல்லில் அந்த அளவு அழுத்தம் இல்லை, அங்கே எல்லாருக்கும் கேப் தேவைப்படாது. உங்கள் மருத்துவரிடம் காரணம் கேளுங்கள், சொல்வார்.

"பல்லுல பூச்சி இருக்கு, எடுத்துடுங்க" என்று இன்றும் கேட்கிறார்கள். பூச்சிப்பல் என்று நம் மொழியிலேயே பெயர் நிலைத்துவிட்டது. பல்லைத் துளைப்பது புழு என்ற நம்பிக்கை உலகம் முழுவதும் பல ஆயிரம் ஆண்டுகளாக இருந்ததுதான். 1728-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார், தான் உருப்பெருக்கியில் பார்த்தும் அப்படி ஒரு புழுவைக் காணவில்லை என்று எழுதினார். வாயில் இருக்கும் பாக்டீரியா, மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்கிப் பல்லைக் கரைக்கிறது என்று 1890-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர் விளக்கினார். அந்த விளக்கம்தான் இன்றைக்கும் அடிப்படை.

வாயில் அமிலம் கூடக் கூட இறங்கும் அளவு பி.எச். அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருந்து தாது கரையத் தொடங்கும். இனிப்பு ஒன்று வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே அது இறங்கிவிடும்; எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இதில் கவனிக்க வேண்டியது எவ்வளவு சாப்பிட்டோம் என்பதைவிட எத்தனை முறை சாப்பிட்டோம் என்பதுதான். ஒரு இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டவருக்கு அமில நேரம் ஒருமுறை. சர்க்கரை போட்ட பானத்தை மேசையில் வைத்து நாள் முழுக்க ஒவ்வொரு மிடறாகக் குடிப்பவருக்கு, எச்சில் சரிக்கட்டி முடிக்கும் முன்பே அடுத்த அமிலம் வந்துவிடுகிறது. தொடக்கத்தில் வெள்ளைத் திட்டாக மட்டும் இருக்கும் சொத்தையை ஃபுளோரைடு பேஸ்ட்டும் எச்சிலும் சேர்ந்து மீட்டுவிட முடியும். குழி விழுந்துவிட்டால் மட்டும் தானாக மூடாது.

இரண்டு பற்கள் ஒட்டி இருக்கும் இடத்தில் தொடங்கும் சொத்தை என் கண்ணுக்கும் தெரியாது. வலியும் இருக்காது. எக்ஸ்ரே கேட்பது அதற்காகத்தான். ஒரு சிறிய பல் எக்ஸ்ரேயில் வரும் கதிர்வீச்சு, இயற்கையாகவே நம்மீது ஓரிரு நாளில் படும் அளவுக்குள்தான். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் பல் வைத்தியமே கூடாது என்பது தவறு. நடுவில் உள்ள மூன்று மாதங்கள் உட்கார்ந்து செய்துகொள்ளவும் வசதியானவை.

அடுத்து, பல் சுத்தம் செய்வது. இதைப் பற்றி இருக்கும் சந்தேகம் வேறு எந்தச் சிகிச்சையைப் பற்றியும் இல்லை. "கிளீன் பண்ணினால் எனாமல் தேய்ந்துவிடுமாமே? பல் ஆட ஆரம்பிக்குமாமே? இடைவெளி விழுமாமே?"

பல்லில் படியும் கிருமிப் படலத்தைத் துலக்கி எடுக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள தாதுஉப்பு அதில் இறங்கிச் சில நாட்களிலேயே காரையாக இறுகத் தொடங்கும். இறுகிய காரை எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது. அதன்மேல் மறுபடி கிருமி படியும், ஈறு சிவந்து வீங்கும், துலக்கினால் ரத்தம் வரும். இதிலும் வலி இல்லை. ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தில் துலக்குவதையே நிறுத்திவிடுவார்கள். நோய் இன்னும் முற்றும். உண்மையில் அந்த இடத்தில்தான் மென்மையான பிரஷ்ஷால் பொறுமையாகத் துலக்க வேண்டும். காரை இல்லாத ஈறாக இருந்தால் ஓரிரு வாரத்தில் ரத்தம் நின்றுவிடும். புகைபிடிப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூடச் சரியாகக் கிடைக்காது. ஈறில் நோய் முற்றியிருந்தாலும் அவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகத்தான் இருக்கும்.

கவனிக்காமல் விட்டால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு மெல்லக் கரையும். அப்படிக் கரைந்த பல் விழாமல் நிற்பதற்குச் சில நேரம் சுற்றிக் கட்டியிருக்கும் காரையே முட்டுக் கொடுக்கிறது. நாங்கள் அதை எடுத்ததும் பல் ஆடுவது தெரிகிறது, காரை அடைத்திருந்த இடைவெளி தெரிகிறது. அது அதுவரை மறைந்திருந்த நோய். சுத்தம் செய்ததால் வந்ததில்லை. கருவி அதிர்ந்து காரையை உடைக்கிறது, எனாமலைச் சுரண்டுவதில்லை. சில நாள் கூச்சம் இருக்கும், அதை மறைக்கவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஈறைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாகும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா? போகாது. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. பிடுங்கிய பிறகு கவனிக்க வேண்டியது அந்தக் குழியில் உறையும் ரத்தத்தைத்தான். முதல் நாள் முழுக்கக் கொப்பளிக்காதீர்கள், துப்பிக்கொண்டே இருக்காதீர்கள், உறிஞ்சு குழல் வேண்டாம், புகை வேண்டவே வேண்டாம். அந்த உறைவு பெயர்ந்துபோனால் இரண்டு மூன்று நாளில் எலும்பு வலி வரும், அது கொடுமையானது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வரக் கூடாது. எலும்பு அடர்த்திக் குறைவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும், தாடை எலும்பு ஆறுவதை அது பாதிக்கலாம்.

குழந்தைகள் விஷயத்தில் என்னை மிகவும் வருத்தும் ஒரு காட்சி உண்டு. எட்டு வயதுப் பிள்ளையை அழைத்து வருவார்கள், கடைசிப் பல் முழுக்கச் சொத்தை. "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்பார்கள். அது பால் பல் இல்லை. ஆறு வயதையொட்டிப் பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைத்துவிடுகிறது. ஒரு பல்லும் விழாததால் பெற்றோர் கவனத்துக்கே வருவதில்லை. அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சீக்கிரம் சொத்தையாகும். ஆறு வயதில் ஒருமுறை வாயைத் திறந்து நடுவிலிருந்து கடைசிப் பல்வரை எண்ணிப் பாருங்கள். மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் ஒவ்வொரு பக்கமும் ஐந்து பால் பற்கள்தான், ஆறாவதாக ஒன்று இருந்தால் அது வாழ்நாள் முழுக்க வேண்டிய பல். பள்ளங்களைத் தொடக்கத்திலேயே அடைத்துவிட முடியும். ஊசி இல்லை, துளை போடுவதில்லை. பேஸ்ட் மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அப்புறம் ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும்.

பெரியவர்களுக்கு நாளைக்கு இரண்டு முறை, இரண்டு நிமிடம். அழுத்தித் தேய்த்தால் பல் வெளுக்காது, ஈறுதான் இறங்கும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள். தண்ணீரால் பலமுறை கொப்பளித்தால் ஃபுளோரைடும் கூடவே போய்விடும்.

இன்னொன்றை யாரும் கேட்பதில்லை, நானாகவே சொல்கிறேன். வாய்ப்புண் வலித்தால் எல்லாரும் வருகிறார்கள். வலிக்காத புண்ணுக்கு யாரும் வருவதில்லை. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. மாதத்துக்கு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று உதட்டை மடித்துப் பாருங்கள், கன்னத்தை இழுத்துப் பாருங்கள். நாக்கை இரண்டு பக்கமும் திருப்பி ஓரங்களைப் பாருங்கள், தூக்கி அடியிலும் பாருங்கள். புகையிலை எந்த வடிவில் பழக்கம் இருந்தாலும் இதை விடாதீர்கள். பழக்கமே இல்லாதவர்களும் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, தடிப்பு, ஆறாத புண் எதுவானாலும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் போகவில்லையென்றால் பதினைந்தாம் நாளே போய்க் காட்டுங்கள்.