விண்டோஸ் 11: ஹோம் போதுமா, புரோ வேண்டுமா?

"சார், புரோ போட்டா சிஸ்டம் வேகமா ஓடும்ல?" சின்ன அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் கணினி பார்த்துக் கொடுப்பது என் தொழில். எத்தனை வருஷமானாலும் இந்தக் கேள்வி மட்டும் மாறுவதில்லை.

ஓடாது. விண்டோஸ் 11 ஹோம், புரோ இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே. வைரஸைத் தடுக்கும் டிஃபெண்டரும் இரண்டிலும் உண்டு. ஹோம் 128 ஜிபி ராம் வரை ஏற்கும், புரோ 2 டிபி வரை. நம் மேசையில் இருப்பதோ 8 அல்லது 16. வேகம்தான் வேண்டுமென்றால் அந்தப் பணத்தை எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கில் போடுங்கள். கடையில் 'புரோ' என்று அழுத்திச் சொல்வது எதற்கென்று உங்களுக்கே தெரியும்.

அப்படியென்றால் புரோ யாருக்கு? ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு கணினிகள், எல்லாமே ஹோம். ராத்திரி வீட்டிலிருந்தபடியே அலுவலக சிஸ்டத்தில் டாலி என்ற கணக்கு மென்பொருளைத் திறக்க வேண்டும் என்றார் ஆடிட்டர். ஹோம் கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் இன்னொரு கணினிக்குள் போகலாம்; ஹோம் கணினிக்குள் அப்படி வர முடியாது. அதனால் டாலி இருந்த அந்த ஒன்றை மட்டும் புரோவாக மாற்றினேன். ஸ்டோரில் பணம் கட்டினால் ஃபார்மட் அடிக்காமலே மாறிவிடும். வீட்டு லேப்டாப் இன்னும் ஹோம்தான். ஒரு எச்சரிக்கை: இதற்காக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள், விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாகப் போங்கள்.

டொமைனில் சேர்ப்பது, குரூப் பாலிசி, ஹைப்பர்-வி இவற்றுக்கும் புரோ வேண்டும். இவை என்னவென்றே தெரியாதவருக்கு இவை தேவையும் இல்லை.

பலரும் தவறாக நினைப்பது டிஸ்க் பூட்டைப் பற்றி, அதாவது திறவுகோல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்கில் உள்ளதை மாற்றி வைப்பது. இதைச் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை முழுமையாக நம் இஷ்டத்துக்கு அமைக்கும் வசதி புரோவில்தான். ஆனால் ஹோமிலும் டிஸ்க் பூட்டப்படும். பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே அது தானாக நடந்துவிடும். திறவுகோலும் அந்தக் கணக்குக்கே போய்ச் சேரும்.

கல்லூரி மாணவி ஒருவரின் லேப்டாப்பில் மதர்போர்டு மாற்றினார்கள். பூட்டு பழைய மதர்போர்டோடு பிணைந்திருந்ததால், ஆன் செய்ததும் 48 இலக்க ரெகவரி கீயை, அதாவது அந்தத் திறவுகோலைக் கேட்டு நின்றது திரை. வாங்கிய அன்று கடைப் பையன் ஏதோ ஒரு மெயில் ஐடியில் கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறான். அது எது என்று அவனுக்கே நினைவில்லை. டிஸ்க்கில் ஒரு கோளாறும் கிடையாது, உள்ளே புராஜெக்ட் பத்திரமாக இருக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தேன். அவர் புரோ வாங்கியிருந்தாலும் இதே கதிதான்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புரோ கீகளையும், அதாவது புரோவை ஆக்டிவேட் செய்யும் உரிம எண்களையும், என்னிடம் காட்டுகிறார்கள். பெரும்பாலும் வேறு எங்கோ மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை. இன்று ஆக்டிவேட் ஆகும், நாளைக்கு ரத்தானால் கேட்க ஆளிருக்காது.

இப்போதெல்லாம் புது லேப்டாப்பை வாடிக்கையாளர் கையாலேயே அவருடைய சொந்தக் கணக்கில் திறக்க வைக்கிறேன். அந்த 48 இலக்கத்தையும் அங்கேயே பிரின்ட் எடுத்து, பில்லோடு பின் அடித்துத் தருகிறேன். "இது எதுக்கு சார்?" என்று கேட்பார்கள். லேப்டாப் பையில் மட்டும் வைக்காதீர்கள் என்பேன்.