புது கேம் பழைய கன்சோலில் ஏன் திணறுகிறது?

"பிளேஸ்டேஷன் 4-க்கும் புது கேம்களை வெளியிட வேண்டியதுதானே, கொஞ்சம் ஆப்டிமைஸ் செய்தால் ஓடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். (ஆப்டிமைஸ் செய்வது என்றால் கருவியின் திறனுக்கேற்ப கேமைச் சீர்செய்வது.) 2013 நவம்பரில் சோனி வெளியிட்ட அந்தக் கன்சோல் (டிவியில் இணைத்து கேம் ஆடும் கருவி) 11 கோடிக்கும் மேல் விற்றது. அத்தனை பேரும் உடனே புதியது வாங்கிவிட முடியாது. ஆனால் 'ஆப்டிமைஸ் செய்தால் எதுவும் ஓடும்' என்பது மந்திரத்தை நம்புவது மாதிரி. எது குறையும், எது குறையாது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

சுலபமாகக் குறைவது படத்தின் தரம். கிராஃபிக்ஸ் சிப் திணறினால் ரெசல்யூஷனை, அதாவது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை, இறக்கலாம், நிழல்களை மழுப்பலாம். விட்சர் 3 கேமை 2019-இல் நின்டெண்டோ ஸ்விட்சில் ஓடவைத்தபோது பெரும்பாலும் இதைத்தான் செய்தார்கள். பிராசசரின் வேலை அப்படிக் குறையாது. ரெசல்யூஷனைப் பாதியாக்கினாலும், தெருவில் நடக்கும் கூட்டத்தில் ஒருவர்கூடக் குறைய மாட்டார். ஒவ்வொருவரும் எங்கே திரும்ப வேண்டும், யார் மீது மோதாமல் போக வேண்டும் என்று கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: ஹார்ட் டிஸ்க்.

பிளேஸ்டேஷன் 4-இன் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும், அதாவது நொடிக்கு 90 முறை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. ஒரு தகவல் வேண்டுமென்றால் முதலில் படிக்கும் ஹெட் சரியான வட்டத்துக்கு நகர வேண்டும். அதற்குப் பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகலாம். அப்புறம் அந்தத் தகவல் சுழன்று ஹெட்டுக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். சராசரியாக அரைச் சுற்று. ஆக, ஒரு பைட்டைக்கூடப் படிக்கும் முன்பே 15 மில்லிநொடி போய்விடும். நொடிக்கு 30 ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமுக்கு இருப்பதே 33 மில்லிநொடிதான்.

தகவல்கள் வரிசையாக இருந்தால் இந்த டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வரை தரும். சிதறிக் கிடந்தால்? நொடிக்கு அறுபது இடங்களைத் தொட்டு, ஓரிடத்தில் 64 கேபி எடுத்தாலும் 4 எம்பிகூடத் தேறாது. டிஸ்க் அதேதான், தகவல் இருக்கும் இடம்தான் வேறு. வேகம் இருபத்தைந்தில் ஒரு பங்காக விழுந்துவிடுகிறது!

இதற்கு கேம் உருவாக்குபவர்கள் கண்ட வழி அபாரமானது. நகரத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் தேவையான எல்லாவற்றையும் டிஸ்கில் அடுத்தடுத்து எழுதிவிடுவார்கள். ஹெட் ஒரு முறை நகர்ந்தால் போதும், மீதியெல்லாம் வரிசையாக வந்துவிடும். ஆனால் தெருவோரத் தபால்பெட்டி எல்லாப் பகுதியிலும் இருக்குமே? ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதி வைக்க வேண்டியதுதான். ஸ்பைடர்மேன் கேமில் சில பொருட்களின் தகவல் டிஸ்கில் 400 முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்ததாக, பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020-இல் விளக்கினார்.

இதற்குப் பிறகும் ஒரு கட்டுப்பாடு மிஞ்சுகிறது. அடுத்த பகுதி வந்து சேரும் முன் ஆட்டக்காரர் அங்கே போய்விடக் கூடாது. பல கேம்களில் நாயகன் பாறை இடுக்கில் மெல்ல நுழைவதும், லிஃப்டில் நின்று பேசிக்கொண்டே போவதும் பெரும்பாலும் டிஸ்குக்கு அவகாசம் வாங்கித்தரத்தான்.

பிளேஸ்டேஷன் 5-இல் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் இருப்பது எஸ்எஸ்டி, தகவலை சிப்களில் சேமிப்பது. அதில் நகரும் பாகமே கிடையாது, நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும். இதை நம்பி உருவாக்கும் கேமில் தபால்பெட்டிக்கு ஒரு பிரதி போதும், இடுக்குகளும் வேண்டாம். அதைப் பழைய கன்சோலுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் தெருக்களின் அமைப்பு, வண்டியின் வேகம், கதை நகரும் விதம் எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும். பழைய கன்சோலில் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டிக்கொண்டவர்கள் உண்டுதான். ஆனால் எல்லோரிடமும் அது இருக்கும் என்று நம்பி கேம் செய்ய முடியாது.

அளந்து பார்க்காமல் முடிவெடுப்பதும் தவறு. ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம் கணினியில் 150 ஜிபி அளவுக்கு இடம் பிடித்தது. காரணம், ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்காகப் போட்ட இதே பிரதிகள். 2025-இல் அவற்றை நீக்கியதும் அளவு 23 ஜிபி ஆகச் சுருங்கியது. ஹார்ட் டிஸ்கில் லோட் ஆகும் நேரம் சில நொடிகள்தான் கூடியது.

என் கருத்து இதுதான். பழைய கன்சோலை மனதில் வைத்துத் தொடக்கத்திலிருந்தே வடிவமைத்த கேம் என்றால் தாராளமாக வெளியிடலாம். கடைசியில் அவசரமாகச் சுருக்கி விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் பழைய கன்சோல்களில் தடுமாறியதும், ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்ததும் தெரிந்த கதை. பழைய கன்சோல்களில் அது எப்படி ஓடுகிறது என்று முன்கூட்டியே காட்டாததற்கு கேமை உருவாக்கிய நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. 2023-இல் வந்த அதன் விரிவாக்கம் பேன்டம் லிபர்ட்டியைப் பழைய கன்சோல்களுக்கு வெளியிடவே இல்லை. அது சரியான முடிவு. பழைய கன்சோலுக்கும் விற்கிறவர்கள், அந்தக் கன்சோலிலேயே எடுத்த காட்சியை முன்பதிவு தொடங்கும் முன்பே காட்டட்டும்.