பெயிண்ட் பொய் சொல்லும், தண்ணீர் சொல்லாது

கம்பத்திலிருந்து குமுளிக்கும் அதைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்கும் ஜீப் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆயுத பூஜைக்காக இன்ஜினை டீசல் போட்டுக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் பளபளவென்று துடைத்து, டேப்பட் கவருக்கு சில்வர் பெயிண்ட் அடித்தேன். அன்றைக்குப் புது வண்டி மாதிரி இருந்தது. மலை ஏறி இறங்கிய கொஞ்ச நாளிலேயே தோல் தோலாக உரிந்துவிட்டது. வீட்டில் திருஷ்டி என்கிறார்கள். பெயிண்ட் போலியா?"

திருஷ்டி இல்லை. பெயிண்ட் போலியாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது டேப்பட் கவர்மேல், அதாவது இன்ஜினின் மேல்மூடியின்மேல், ஒட்டவே இல்லை. கவர்மேல் இருந்த எண்ணெய்ப் படலத்தின்மேல்தான் ஒட்டியது. இன்ஜின் சூடானதும் எண்ணெய் இளகிவிட்டது, பெயிண்டும் பிடிப்பை விட்டுவிட்டது.

டீசல் கிரீஸைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் டீசலும் ஓர் எண்ணெய். அதிலுள்ள பொருள்கள் கொதிக்க ஏறக்குறைய 180 முதல் 360 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். வெயிலில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அதன் கனமான பகுதி போகாது. பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடும், சரி. ஆனால் அது கரைத்த கிரீஸ் கூடவே பறந்துபோகாது, அங்கேயே மெல்லிய பூச்சாகப் படியும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. துணியால் துடைக்கும்போது எண்ணெயைக் கொஞ்சம் எடுக்கிறோம், மிச்சத்தைச் சீராகப் பரப்பிவிடுகிறோம். எண்ணெயின் ஒற்றை மூலக்கூறுப் படலம் சுமார் 2 நானோமீட்டர்தான் இருக்கும். அப்படி 5 லட்சம் படலங்களை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது.

அப்படியானால் பெயிண்ட் முதல் நாள் மட்டும் எப்படி அவ்வளவு அழகாகப் படிந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பள்ளியில் பரப்பு இழுவிசை படித்திருப்பீர்கள். திரவத்துக்குள் இருக்கும் மூலக்கூறை அண்டை மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இழுக்கின்றன. மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே துணை இல்லாததால், திரவம் தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். தண்ணீரில் இந்த இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எண்ணெயில் 30-ஐ ஒட்டி இருக்கும், தின்னர் கலந்த பெயிண்டிலும் ஏறக்குறைய அவ்வளவே. திடப்பொருளின் மேற்பரப்புக்கும் இதேபோல இழுக்கும் ஆற்றல் உண்டு. சுத்தமான உலோகத்துக்கு அது பல நூறு. அந்த ஆற்றல் திரவத்தின் இழுவிசையைவிட அதிகமாக இருந்தால் திரவம் பரவும், மிகவும் குறைவாக இருந்தால் துளியாகத் திரண்டு நிற்கும்.

இப்போது எண்ணெய்ப் பிசுக்குள்ள கவரை நினைத்துப் பாருங்கள். அதன் மேற்பரப்பு ஆற்றல் உலோகத்துடையது அல்ல, எண்ணெயுடையது: சுமார் 30. அதற்கு ஈடான பெயிண்ட் அதன்மேல் தாராளமாகப் பரவும். அடியில் என்ன இருக்கிறதென்று காட்டிக்கொடுக்காது. 72 உள்ள தண்ணீரோ பரவ மறுத்து அங்கங்கே விலகி முத்து முத்தாக நிற்கும். பெயிண்ட் மறைப்பதைத் தண்ணீர் சொல்லிவிடுகிறது. பல ஆயிரம் ரூபாய்க் கருவி சொல்வதை ஒரு சொம்புத் தண்ணீரே சொல்கிறது.

உலோகப் பூச்சுத் தொழிற்சாலைகளில் இன்றும் இந்தச் சோதனை நடக்கிறது. கழுவிய பாகத்தின்மேல் நல்ல தண்ணீரை ஊற்றி, சாய்த்துப் பிடித்து, அரை நிமிடம் பாருங்கள். தண்ணீர் அறுபடாமல் ஒரே தாளாக நின்றால் சுத்தம். எங்கே விலகுகிறதோ அங்கே பிசுக்கு இருக்கிறது, திரும்பத் தேய்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: சோப்பு மிச்சம் இருந்தால் அது தண்ணீரின் இழுவிசையைக் குறைத்து, அழுக்கான இடத்திலும் பரவ வைத்துவிடும். சோப்பு முழுக்கப் போகும்வரை அலசிய பிறகே சோதனைக்கு மதிப்பு உண்டு.

மேற்பரப்பில் ஒட்டிய துளி அழுக்கு நீரின் இழுவிசையை எப்படி மாற்றுகிறது என்று துல்லியமாக அளந்தவர் ஆக்னஸ் பொக்கெல்ஸ். ஜெர்மனியில் பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர முடியாத காலம். அவர் வீட்டு வேலைக்கு நடுவே ஒரு தகரத் தொட்டியையும் தகரப் பட்டையையும் வைத்து ஆய்வு செய்தார். 1891-இல் அதைக் கடிதமாக இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்கு எழுத, அவர் அதை 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளிவரச் செய்தார். இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் நம் எல்லையோர ஊர்களின் ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகள்தான் என் நினைவுக்கு வருவார்கள். பெரிய ஆய்வு நிறுவனங்களுக்கு ஆராய்ச்சிப் பணம் கோடிகளில் போகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதில் ஒரு சிறு பங்கு, பட்டறையில் எழும் கேள்வியைப் பட்டறையிலேயே ஆராயும் மாணவர்களுக்கும் வர வேண்டும். துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் கோணத்தை அளந்து அது எவ்வளவு பரவுகிறது என்று பார்க்க ஒரு செல்போன் கேமராவே போதும்.

சரி, ஜீப்புக்கு வருவோம். முதலில் கவரில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம், காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள், அது அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். மண்ணெண்ணெயால் தடித்த கிரீஸை எடுத்துவிட்டு, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். அலசுங்கள், தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். அப்புறம் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைக் கழுவி, மறுபடி சோதியுங்கள். இரும்பு என்றால் சுடுகாற்றால் உடனே காயவைத்து, தாமதிக்காமல் பிரைமர் அடிக்க வேண்டும். குமுளிப் பக்கம் சாரல் விழும் மாதங்களில் காற்றின் ஈரமே துரு பிடிக்கப் போதும். அலுமினியத்துக்கு என்று தனியாக விற்கும் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள்.

டேஷ்போர்டு பாலிஷை இந்த வேலை நடக்கும் இடத்தில் தெளிக்கவே கூடாது. பெரும்பாலும் அதில் சிலிகோன் எண்ணெய் இருக்கும். அதன் இழுவிசை 21-ஐ ஒட்டியது, பெயிண்டைவிடக் குறைவு. அது பட்ட இடத்தில் பெயிண்டே வட்ட வட்டமாக விலகிக் குழிவிடும்.

இன்ஜினிலிருந்து சூடான புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மட்டும் இந்த சில்வர் பெயிண்ட் ஆகாது, எவ்வளவு சுத்தமாகக் கழுவினாலும் கருகிவிடும். அங்கே வெப்பம் பல நூறு டிகிரி. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிப் பிணைந்த ரெசின் கொண்ட வெப்பம் தாங்கும் பெயிண்ட்தான் வேண்டும். டப்பாவில் சொன்னபடி படிப்படியாகச் சூடேற்றினால்தான் அது இறுகும். டேப்பட் கவருக்கு அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. 100 டிகிரியை ஒட்டிய சூட்டை நல்ல இன்ஜின் எனாமலே தாங்கும்.